பழைய நோய் இருந்தால், ஏஎம்இ-யிடம் போகும் முன் ஃபைலைக் கட்டுங்கள்

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகிறார்கள். முதலில் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுகிறார்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் பறக்கிறார்கள். தனியாகப் பறக்கும் நாள் நெருங்கும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஏஎம்இ (எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நியமித்த பரிசோதனை மருத்துவர்) இருக்கிறாரோ அவரிடம் போய் மெடிக்கல், அதாவது பறப்பதற்கான மருத்துவச் சான்றிதழ், எடுக்கிறார்கள். உடம்பில் பழைய கணக்கு எதுவும் இல்லாதவருக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் சிறுநீரகக் கல் வந்து போனவர், சின்ன வயதில் வலிப்பு வந்தவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தவர் இந்த வரிசையில் போகக் கூடாது. அவர்களுக்கு மருத்துவ ஆவணங்கள் முதலில், ஏஎம்இ அடுத்து, பள்ளிக்குப் பெரிய தொகை கட்டுவது கடைசியில்.

எஃப்ஏஏ-வின் மருத்துவப் பிரிவு கொடுமையானது என்று பலர் சொல்வார்கள். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான பழைய நோய்களுக்கு அங்கே வழி இருக்கிறது. மாட்டிக்கொள்பவர்களில் பலர் நோயால் மாட்டுவதில்லை, ஆவணம் இல்லாமல் அவசரப்பட்டுப் போய் மாட்டுகிறார்கள்.

விண்ணப்பம் எப்போது உயிர் பெறுகிறது

எஃப்ஏஏ-வின் மெட்எக்ஸ்பிரஸ் இணையதளத்தில் மெடிக்கலுக்கான 8500-8 படிவத்தை நிரப்பிச் சமர்ப்பித்ததும் ஓர் உறுதி எண் வரும். அதோடு விண்ணப்பம் எஃப்ஏஏ-வுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். இன்னும் போகவில்லை. அந்த எண்ணை ஏஎம்இ-யிடம் கொடுத்து, அவர் தன் கணினியில் உங்கள் படிவத்தை இறக்கிக்கொள்ளும்போதுதான் அது அதிகாரப்பூர்வ விண்ணப்பம் ஆகிறது. அதுவரை 60 நாள் காத்துக் கிடக்கும், யாரும் எடுக்காவிட்டால் நீங்கிவிடும். எடுத்துவிட்டாலோ திரும்பப் பெற முடியாது. "இன்னும் கொஞ்சம் ஆவணம் சேர்த்துக்கொண்டு அடுத்த மாதம் வருகிறேன்" என்று எழுந்து வர முடியாது. அவர் பரிசோதனையை முடித்து 14 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அவர் கையில் இருப்பது மூன்று முடிவுகள்தான்: சான்றிதழ் தருவது, மறுப்பது, அல்லது முடிவை ஓக்லஹோமா சிட்டியில் உள்ள மருத்துவச் சான்றளிப்புப் பிரிவுக்குத் தள்ளிவிடுவது. இந்த மூன்றாவதைத்தான் டிஃபர் என்கிறோம்.

ஆகவே பழைய நோய் உள்ளவர் முதல் தடவை போவது ஆலோசனைக்காக மட்டும் இருக்கட்டும். நேரம் கேட்கும்போதே "இது மெடிக்கல் பரிசோதனை இல்லை, ஆலோசனை மட்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உறுதி எண்ணைக் கையோடு கொண்டுபோகாதீர்கள். அதற்கும் ஏஎம்இ கட்டணம் கேட்கலாம். கொடுப்பதில் நஷ்டம் இல்லை. இந்த ஆலோசனையே வேண்டாம் என்று சொல்லும் ஏஎம்இ-யை விட்டு வேறொருவரைத் தேடுங்கள். உங்கள் நோயில் அனுபவம் உள்ளவர் இருநூறு மைல் தள்ளி இருந்தாலும் போய்வருவது தகும்.

மறுப்பைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்போர்ட் பைலட் என்ற எளிய வகை உரிமத்தில் பறக்க மெடிக்கலே தேவையில்லை, செல்லுபடியாகும் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் போதும். ஆனால் கடைசியாகச் செய்த மெடிக்கல் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒருமுறைகூட விண்ணப்பிக்காதவருக்குத் திறந்திருக்கும் கதவு, விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்கு மூடிவிடுகிறது. 2025 அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட் ஓட்டக்கூடிய விமானங்களின் வட்டமும் விரிந்துவிட்டது. நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172-ஐக்கூட, ஒரே ஒரு பயணியோடு, ஓட்டலாம். வார இறுதியில் மனைவியையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு பகலில் பறந்தால் போதும், தொழிலாகச் செய்யும் எண்ணமில்லை என்பவர், தன் மருத்துவரும் பறப்பது பாதுகாப்பு என்று சொன்னால், மெடிக்கலுக்கு விண்ணப்பிக்காமலே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. ஐம்பதைத் தாண்டி இதய வரலாறு உள்ளவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

படிவம் கேட்பது "எப்போதாவது"

18-ஆம் கேள்வியில் ஏ முதல் ஒய் வரை வரிசையாக நோய்கள் இருக்கும். அங்கே கேட்பது "இப்போது இருக்கிறதா" என்று அல்ல, வாழ்நாளில் எப்போதாவது இருந்ததா என்று. ஐந்து வயதில் வந்ததும் கணக்கில் சேரும். 18-ஜே சிறுநீரகக் கல்லும் சிறுநீரில் ரத்தமும், 18-எல் வலிப்பும் நரம்பு நோய்களும், 18-எம் மனநலம், 18-யு மருத்துவமனையில் சேர்ந்தது, 18-எக்ஸ் வேறு நோயும் அறுவை சிகிச்சையும். ஒரே கல்லுக்கு ஜே, யு, எக்ஸ் மூன்றிலும் "ஆம்" போட வேண்டி வரலாம். 17-இல் இப்போது எடுக்கும் எல்லா மருந்தும் வேண்டும், கடையில் சும்மா வாங்கும் அலர்ஜி மாத்திரை உட்பட. 19-இல் கடந்த 3 வருடத்தில் பார்த்த மருத்துவர்கள். வழக்கமான பல், கண் பரிசோதனைகளை அதில் விட்டுவிடலாம்.

"ஆம்" போட்ட இடத்தில் விளக்கம் சுருக்கமாக, முழுமையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு: "2016 மார்ச், இடது சிறுநீர்க்குழாயில் 5 மிமீ கல், லித்தோட்ரிப்சி செய்யப்பட்டது, 2016 ஏப்ரல் ஸ்கேனில் கல் இல்லை, பிறகு திரும்பவில்லை, மருந்து இல்லை." எப்போது, என்ன, என்ன செய்தார்கள், இப்போது என்ன நிலை. இந்த நான்கும் இருந்தால் படிப்பவருக்குக் கேள்வி எழாது. வெறுமனே "கல் இருந்தது, சரியாகிவிட்டது" என்று எழுதினால் நிச்சயம் எழும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மருத்துவர் ஒருபோதும் சொல்லாத நோய்ப் பெயரைத் தாமாகவே எழுதிவிடுவது. தேர்வுக்கு முன் தூக்கம் வரவில்லை என்பதைப் பதற்றக் கோளாறு என்று எழுதக் கூடாது. உங்கள் மருத்துவப் பதிவில் என்ன பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பதிவிலேயே தவறான பெயர் விழுந்திருந்தால் அதை எழுதிய மருத்துவரிடமே திருத்தம் கேளுங்கள். இது விண்ணப்பத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

மறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. பொய்யான பதில் கொடுத்தால் மெடிக்கல் மட்டுமில்லை, பைலட் உரிமங்களும் சேர்ந்து ரத்தாகலாம். கூட்டாட்சிக் குற்றச் சட்டத்தில் 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் இருக்கிறது. படைவீரர் நலத்துறையிடம் ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டே அந்த நோயை எஃப்ஏஏ-விடம் சொல்லாதவர்கள் என்று சுமார் 4,800 பைலட்டுகளின் ஃபைல்கள் ஆய்வுக்கு வந்தது 2023-இல் வெளியே தெரிந்தது. அரசின் ஒரு கணினி இன்னொரு கணினியோடு ஒப்பிடப்படும் காலம் இது.

சிறுநீரகக் கல்: எதைக் காட்ட வேண்டும்

நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் வரலாறு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மற்ற நோய்களுக்கும் இதே முறைதான்.

எஃப்ஏஏ-வின் கவலை கல்லைப் பற்றியது இல்லை. சிறுநீரகத்தின் கிண்ணப் பகுதியில் கல் சும்மா கிடந்தால் வலிக்காது. அது நகர்ந்து சிறுநீர்க்குழாயில் அடைக்கும்போது வரும் வலியில் மனிதர் சுருண்டு வாந்தி எடுப்பார். ஒற்றை இன்ஜின் விமானத்தில் தனியாக இருப்பவருக்கு அது தரையிறங்கும் நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஆகவே நீங்கள் கொண்டுபோகும் ஆவணம் மூன்று விஷயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்: உள்ளே இன்னும் கல் இருக்கிறதா, இருந்தால் நகருமா, புதிதாகக் கல் உருவாகக் காரணம் ஏதும் இருக்கிறதா.

முதல் கேள்விக்குப் பதில் ஸ்கேன். கல் போய்விட்டது என்று நோயாளி சொல்வது போதாது. இரண்டாவதற்குச் சிறுநீரக அறுவை நிபுணரின் குறிப்பு: கல் எங்கே இருக்கிறது, எத்தனை மிமீ, முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் வளர்ந்ததா. மூன்றாவது, திரும்பத் திரும்பக் கல் வருபவருக்கு. ரத்தத்தில் கால்சியம், யூரிக் அமிலம், கிரியேட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை, வெளியே வந்த கல்லின் பகுப்பாய்வு.

உள்ளே தங்கிய கல் சிஏசிஐ பட்டியலில், அதாவது ஏஎம்இ-யே சான்றிதழ் தரக்கூடிய நோய்களின் பட்டியலில், இருக்கிறது. ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், ஹைப்போதைராய்டு, மைக்ரேன், கிளாக்கோமா போன்றவையும் அதில் உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் எஃப்ஏஏ ஒரு பக்கப் பணித்தாள் வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ள எல்லா நிபந்தனையும் பொருந்தினால் ஏஎம்இ அன்றைக்கே, தன் மேசையிலேயே சான்றிதழ் தரலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும் டிஃபர். அந்தப் பணித்தாள் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடியது. அதை அச்செடுத்து உங்கள் மருத்துவரிடம் கொடுத்து, "இந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் குறிப்பில் பதில் இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். இந்த ஒரு வேலை பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. மருத்துவர் குறிப்பு, ஏஎம்இ பரிசோதனைக்கு முந்தைய 90 நாளுக்குள் நடந்த சந்திப்பில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். வெளியே வரும்போது கையில் தரும் சந்திப்புச் சுருக்கத்தாளை ஏற்க மாட்டார்கள். மருத்துவர் தன் பதிவேட்டில் எழுதும் முழுக் குறிப்பு வேண்டும். "இவர் விமானம் ஓட்டத் தகுதியானவர்" என்ற ஒரு வரிக் கடிதத்துக்கு மதிப்பே இல்லை. தகுதியை முடிவு செய்வது எஃப்ஏஏ. மருத்துவர் எழுத வேண்டியது நோய், சிகிச்சை, இன்றைய நிலை, மருந்தும் அளவும், அதன் பக்கவிளைவு, திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை.

இன்னொன்று, பலரைத் திகைக்க வைப்பது: கல்லைத் தேடி எடுத்த சிடி ஸ்கேன் அறிக்கையில் நுரையீரலின் அடியில் ஒரு சின்ன முடிச்சு, கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி என்று ஏதாவது எழுதியிருக்கும். உங்கள் மருத்துவர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஓக்லஹோமாவில் அந்த அறிக்கையைப் படிப்பவர் பொருட்படுத்துவார், கேள்வி கேட்டுக் கடிதம் வரும். அனுப்புவதற்கு முன் அறிக்கையின் கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் அதற்கும் மருத்துவரிடம் ஒரு பத்தி எழுதி வாங்குங்கள்.

மருந்து விஷயத்தில், கல் உருவாகாமல் தடுக்கும் பொட்டாசியம் சிட்ரேட் பிரச்சினை இல்லை. வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு எடுத்துக்கொண்டு பறக்கவே கூடாது. தூக்கம் தரும் மருந்துகளுக்கு எஃப்ஏஏ சொல்லும் பொது அளவு, மருந்து எடுக்கும் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு காத்திருப்பது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரை என்றால் கடைசி மாத்திரையிலிருந்து 30 மணி நேரம்.

சின்ன வயது வலிப்பும் ஊரில் இருக்கும் ஆவணமும்

குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்தது என்பது தமிழ்நாட்டில் வளர்ந்த பலருக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். படிவத்தில் வலிப்பு என்றதும் கை நடுங்கும். 5 வயதுக்கு முன் காய்ச்சலோடு வந்து, பிறகு திரும்பாமல், மருந்து இல்லாமல் 3 வருடம் கடந்திருந்தால் ஏஎம்இ-யே சான்றிதழ் தரலாம். காய்ச்சல் இல்லாமல் வந்த வலிப்பும் காரணம் தெரியாத மயக்கமும் அப்படி இல்லை. எஃப்ஏஏ விதியில் நேரடியாகத் தகுதியிழக்கச் செய்யும் 15 நிலைகளில் கால்-கை வலிப்பு ஒன்று, காரணம் விளக்கப்படாத நினைவிழப்பு இன்னொன்று. அதனால் "காய்ச்சல் இருந்தது" என்பதைக் காட்டும் சான்று இங்கே பொன்னுக்குச் சமம்.

அந்தச் சான்று ஊரில் இருக்குமா? இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், உள்நோயாளியின் பதிவை மருத்துவர் 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. அண்மையில் நடந்த சிகிச்சைக்கு இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம். முப்பது வருடப் பழைய ஃபைல் மருத்துவமனையில் இருக்காது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டுப் பீரோவில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மருத்துவமனையிடம் "பதிவு இப்போது இல்லை" என்று தலைப்புத்தாளில் எழுதி வாங்குங்கள். தேடினோம், இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதோடு பெற்றோர் கையெழுத்திட்ட விவரக் கடிதமும், அமெரிக்காவில் ஒரு நரம்பியல் நிபுணர் இன்று பார்த்து எழுதிய முழுக் குறிப்பும் சேர்த்தால் ஃபைல் நிற்கும். தமிழில் உள்ள எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைக்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் எல்லாமே அந்த 15-க்குள் வருகின்றன. ஆனாலும் ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் என்ற வழியில் ஆயிரக்கணக்கானோர் திரும்பப் பறக்கிறார்கள். இது எஃப்ஏஏ-வின் விருப்ப அதிகாரத்தில் தரும், காலவரையறை உள்ள அனுமதி. சிகிச்சைக்குப் பின் சில மாதம் காத்திருந்து, பிறகு சோதனைகளைச் செய்ய வேண்டும். காத்திருப்புக் காலம் முடியும் முன் செய்த டிரெட்மில் சோதனை வீண், மறுபடி செய்யச் சொல்வார்கள்.

டிரெட்மில்லில்தான் பலர் தோற்கிறார்கள். இதயம் நன்றாக இருந்தும் தோற்கிறார்கள். வேகமும் சாய்வும் படிப்படியாக ஏறும் புரூஸ் முறையில் 70 வயதுக்குக் கீழே உள்ளவர் குறைந்தது 9 நிமிடம் ஓட வேண்டும், 70-ஐ எட்டியவர் 6 நிமிடம். சாதாரண நோயாளிக்குச் செய்வதுபோல, குறிப்பிட்ட இதயத் துடிப்பை எட்டியதும் டெக்னீஷியன் 7-ஆவது நிமிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். எஃப்ஏஏ-வுக்கு அது பற்றாது. ஏறும் முன்பே சொல்லிவையுங்கள். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குத் துடிப்பு ஏறாது. இதய மருத்துவர் சம்மதித்தால் மட்டும் 48 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், தானாக நிறுத்துவது ஆபத்து. அறிக்கை மட்டும் போதாது, ஈசிஜி வரைபடங்களும் வேண்டும்: படுத்தும் நின்றும் எடுத்தவை, ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்தவை, உச்சத்தில் எடுத்தது, ஓய்வில் நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 5 நிமிடம். கணினி சராசரியாக்கி அச்சிடும் மாதிரி அலைகளை ஏற்க மாட்டார்கள். சோதனை முடிந்த அன்றே முழு வரைபடத்தையும் கேட்டு வாங்காவிட்டால் பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

மனநல வரலாறு தனிப் பதிவுக்கு உரிய விஷயம். இங்கே ஒன்று மட்டும்: ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் எடுப்பவர்களுக்கு 2010 முதல் வழி திறந்திருக்கிறது. ஆனால் ஹிம்ஸ் என்ற சிறப்புப் பயிற்சி பெற்ற ஏஎம்இ வழியாகத்தான் போக வேண்டும். மெடிக்கலுக்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அப்படிச் செய்யாதீர்கள்.

டிஃபர் ஆனபின்

டிஃபர் என்பது மறுப்பு அல்ல. ஓக்லஹோமாவிலிருந்து என்னென்ன வேண்டும் என்று கடிதம் வரும், அதில் கெடுவும் இருக்கும். கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் தகவல் தரவில்லை என்ற காரணத்துக்காகவே மறுத்துவிடுவார்கள். மருத்துவரின் நேரம் கிடைக்கத் தாமதம் என்றால் கெடு முடியும் முன்பே எழுதி அவகாசம் கேளுங்கள். கேட்டதை எல்லாம் சேர்த்து ஒரே கட்டாக அனுப்புங்கள். இன்று ஸ்கேன், அடுத்த வாரம் கடிதம் என்று துண்டு துண்டாகப் போனால், முழுமையடையாத ஃபைல் என்று ஒவ்வொரு முறையும் ஓரமாக வைக்கப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், பிறந்த தேதி, கடிதத்தில் உள்ள குறிப்பு எண் வேண்டும்.

மறுப்பே வந்துவிட்டால், 30 நாளுக்குள் கூட்டாட்சி விமான மருத்துவ அதிகாரியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அவரும் மறுத்தால் 60 நாளுக்குள் என்டிஎஸ்பி-யிடம் (தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்) மனுச் செய்யலாம். ஆனால் ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் தரவில்லை என்பதை எதிர்த்து அங்கே வாதாட முடியாது, அது விருப்ப அதிகாரம். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு மனுவைவிடக் கூடுதல் ஆவணத்தோடு மறுபரிசீலனைக்குப் போவதே பலன் தரும்.

ஒருமுறை ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் கையில் வந்துவிட்டால், ஏஎம்இ-யிடம் மறுபடி போகாமல் பறக்கும் பேசிக்மெட் என்ற வழியும் திறக்கும். 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு நாளாவது செல்லுபடியான மெடிக்கல் வைத்திருந்தவர், 48 மாதத்துக்கு ஒருமுறை மாநில உரிமம் பெற்ற எந்த மருத்துவரிடமும் பரிசோதித்து, 24 மாதத்துக்கு ஒருமுறை இணையப் பாடம் முடித்தால் போதும். அதன் எல்லைகள்: 12,500 பவுண்டு வரையுள்ள விமானம், ஓட்டுபவரோடு மொத்தம் 7 பேர், 18,000 அடி உயரம், 250 நாட் வேகம். கூலிக்கு ஓட்ட முடியாது. இதய நோய் போன்ற சிலவற்றுக்கு ஒருமுறை மட்டும் ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் வாங்கினால் போதும், பிறகு ஆண்டுதோறும் ஓக்லஹோமாவுக்கு எழுத வேண்டியதில்லை.

தொழிலாக ஓட்டாதவர் எடுக்கும் மூன்றாம் வகுப்பு மெடிக்கலிலேயே தொடர்பவருக்கு அது 40 வயதுக்குள் 60 மாதம், அதற்கு மேல் 24 மாதம் செல்லும். ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் என்றால் சான்றிதழில் அச்சிட்ட தேதிதான் கணக்கு, அது பெரும்பாலும் இதைவிட முன்னதாக இருக்கும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். அடுத்த படிவத்தில் அதே பழைய கேள்விகள் வரும். "போன தடவை சொல்லிவிட்டேனே" என்று "இல்லை" போட்டுவிடாதீர்கள். பதில் மறுபடியும் "ஆம்"தான். விளக்கப் பெட்டியில் முன்பே தெரிவித்தது, மாற்றமில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.